தொட்டி எப்போது காலியாகும்?

ஒரு புதிரோடு தொடங்குவோம்.

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர். எடை 120 கிலோகிராம். சர்க்கரை நோய், மூட்டு வலி, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கல். உணவுக் கட்டுப்பாடு, நடைப் பயிற்சி எல்லாம் செய்து பார்த்தும் எடை இறங்கவில்லை. மருத்துவர்களின் யோசனைப்படி எடை குறைப்பதற்கான இரைப்பை அறுவை செய்துகொண்டார். ஓராண்டில் 40 கிலோகிராம் குறைந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. முழங்கால் வலி போயிற்று. ஊரார் வியந்தார்கள்.

'ஆயுள் முழுவதும் சில சத்து மாத்திரைகளைச் சாப்பிட வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும்' என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் ஆண்டு அவ்வாறே செய்தார். பிறகு, 'உடம்புதான் நன்றாக இருக்கிறதே, இனி எதற்கு மாத்திரை?' என்று நிறுத்திவிட்டார். இரண்டாம் ஆண்டு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் ஆண்டும் ஒன்றும் ஆகவில்லை. நான்காம் ஆண்டு முடியும் சமயத்தில் பாதங்கள் மரத்துப் போயின. செருப்பு காலிலிருந்து கழன்றதுகூடத் தெரியவில்லை. விளக்கை அணைத்தால் நடை தடுமாறியது. நேற்று நடந்தது இன்று நினைவில் இல்லை.

இந்தப் பெண்மணி கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவருக்கு நேர்ந்தவை கற்பனையல்ல. மருத்துவ நூல்களில் விளக்கப்பட்டிருப்பவை. நமது கேள்வி இதுதான்: அறுவையின் விளைவு என்றால் அது அடுத்த மாதமே தெரிந்திருக்க வேண்டாமா? மாத்திரையை நிறுத்திய பிறகு மூன்று ஆண்டுகள் ஏன் காத்திருந்தது?

'இயற்பியல் ஆசிரியருக்கு இரைப்பையில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் புதிரின் விடை ஒரு தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

மோட்டார் நின்றாலும் குழாய் ஓடும்

மொட்டை மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் பழுதாகிவிட்டது. கீழே குழாயைத் திறக்கிறோம். தண்ணீர் வழக்கம்போல் வருகிறது. குளிக்கிறோம், துணி துவைக்கிறோம். மோட்டார் நின்றது யாருக்கும் தெரியாது. தொட்டி அடி மட்டத்துக்கு வரும்போதுதான் குழாய் 'புஸ்' என்கிறது. எத்தனை நாளில் அப்படி ஆகும்? தொட்டியில் உள்ள நீரை நாள் செலவால் வகுத்தால் விடை கிடைக்கும். 1,000 லிட்டர் தொட்டி, நாளொன்றுக்கு 250 லிட்டர் செலவு என்றால் நான்கு நாள்.

நம் உடலும் இப்படிப் பல தொட்டிகளின் தொகுப்பு எனலாம். ஒவ்வொரு சத்துக்கும் ஒரு தொட்டி. ஒவ்வொன்றின் கொள்ளளவும் நாள் செலவும் வெவ்வேறு. ஆக்சிஜன் தொட்டி சில நிமிடங்களில் காலியாகிவிடும். தயமின் என்னும் வைட்டமின் பி-1 இரண்டு மூன்று வாரங்கள் தாங்கும். வைட்டமின் பி-12 ஆண்டுக் கணக்கில் தாங்கும். எலும்பில் உள்ள கால்சியம் பல பத்தாண்டுகள் தாங்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பருமனான உடலில் நிறைந்து வழிவது ஆற்றல் தொட்டி மட்டுமே. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது. ஆனால் அதே உடலில் இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் குறைவாக இருப்பது அடிக்கடி காணப்படும் செய்தி. ஆகவே அறுவை மேசையில் படுக்கும் போதே சில தொட்டிகள் பாதிதான் நிரம்பியிருக்கக் கூடும்.

வழியை மாற்றிய கதை

நாம் உண்ணும் உணவு இரைப்பையில் அமிலத்தோடு கலந்து கூழாகிறது. பிறகு முன்சிறுகுடலுக்குள் நுழைகிறது. இது 25 சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறு பகுதி. கல்லீரலிலிருந்து பித்தநீரும், கணையத்திலிருந்து செரிமான நீரும் இங்கேதான் வந்து சேருகின்றன. இதையடுத்து நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல். ஒவ்வொரு சத்தும் தனக்கென ஓர் இறங்குமிடம் வைத்திருக்கிறது. இரும்பு பெரும்பாலும் முன்சிறுகுடலிலும் அதையடுத்த பகுதியிலும் உறிஞ்சப்படுகிறது. வைட்டமின் பி-12 வெகுதூரம் பயணம் செய்து பின்சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இறங்குகிறது.

1954-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கிரெமன், லின்னர், நெல்சன் ஆகியோர் நாய்களில் செய்த ஆய்வை வெளியிட்டனர். சிறுகுடலின் முற்பகுதியை நீக்கினால் எடை அவ்வளவாகக் குறையவில்லை. பிற்பாதியை நீக்கினால் கொழுப்பு உறிஞ்சப்படாமல் போய் எடை குறைந்தது. இதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. குடலைச் சுருக்கினால் மனிதரின் எடையையும் குறைக்கலாமே!

அப்படியே செய்தார்கள். 1960-களில் பெயின், டிவிண்ட் என்ற மருத்துவர்கள் வகுத்த முறையில், நடுச்சிறுகுடலின் முதல் 14 அங்குலத்தைப் பின்சிறுகுடலின் கடைசி 4 அங்குலத்தோடு இணைத்தனர். ஏறத்தாழ 20 அடி நீளச் சிறுகுடலில் உணவு செல்லும் வழியாக மிஞ்சியது ஒன்றரை அடிதான்! எடை குறைந்தது, உண்மை. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், வைட்டமின் குறைவு, கல்லீரல் பழுது என்று தொல்லைகள் தொடர்ந்தன. பலருக்குக் குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. 1980 அளவில் இந்த முறை கைவிடப்பட்டது.

இதற்கிடையே அயோவா பல்கலைக் கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கிக்கொண்ட பெண்கள் பிறகு எடை கூடாமல் இருந்தார்கள். 1966-இல் அவரும் சிக்காஷி இட்டோவும் இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கினர். இரைப்பையின் மேல் முனையில் சிறு பை ஒன்றைப் பிரித்து அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பதே இதன் சாரம். பின்னால் வந்தவர்கள் இதைத் திருத்தினார்கள். இன்றைய முறையில் அந்தப் பை 30 மில்லிலிட்டர் அளவுதான். இரண்டு மேசைக் கரண்டி நீர் கொள்ளும். சாதாரண இரைப்பையோ ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். உணவு பெரிய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் தாண்டிச் செல்கிறது. பித்தநீரும் கணைய நீரும் வேறு வழியாக வந்து, சற்றுக் கீழே உணவோடு கலக்கின்றன. இரு கிளைகள் ஒன்று சேரும் கவட்டை போல இந்த இணைப்பு இருக்கும். சுவிட்சர்லாந்தின் சீசர் ரூ என்ற அறுவை மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேறு நோய்களுக்காகக் கையாண்ட இணைப்பு இது. அதனால் அவர் பெயரும் இந்த அறுவையோடு ஒட்டிக்கொண்டது.

இப்போது அதிகமாகச் செய்யப்படும் இன்னொரு முறை ஸ்லீவ் அறுவை. ஸ்லீவ் என்றால் சட்டைக் கை. இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, சட்டைக் கை போன்ற குழாய் வடிவில் மீதியை விட்டுவிடுகிறார்கள். இதில் குடலின் வழி மாறுவதில்லை. ஆனால் அமிலம் சுரக்கும் பரப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது.

ஆக, தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டாரின் வேகம் இரண்டு வகையில் குறைகிறது. உண்ணும் அளவு குறைகிறது. உண்டதிலும் உறிஞ்சப்படும் அளவு குறைகிறது. இனித் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாரங்களில் வற்றும் தொட்டி

முதலில் காலியாவது தயமின். மாவுச்சத்திலிருந்து ஆற்றலை எடுக்க இது இன்றியமையாதது. உடலில் இருப்பு 25 முதல் 30 மில்லிகிராம். நாள் செலவு ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் தாங்காது. நடைமுறையில் இரண்டு மூன்று வாரங்களிலேயே தொல்லை தொடங்கிவிடலாம்.

தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதை ஜாவாத் தீவில் கண்டறிந்தவர் கிறிஸ்டியான் எய்க்மன். அரிசித் தவிட்டில் இருந்த ஏதோ ஒன்று அவற்றைக் குணப்படுத்தியது. அந்த 'ஏதோ ஒன்று' தயமினே. இதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அறுவைக்குப் பிறகு சிலருக்கு வாந்தி நிற்காமல் தொடரும். சிறிய பையில் அதிகமாக உண்பதாலோ, இணைப்பு வாய் குறுகிவிடுவதாலோ இப்படி ஆகலாம். உள்ளே போவதெல்லாம் வெளியே வந்தால் தயமின் எங்கிருந்து கிடைக்கும்? சில வாரங்களில் மூளை பாதிக்கப்படுகிறது. மனக் குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டம் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். 1881-இல் இவற்றை விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே. அவர் விவரித்த மூன்று நோயாளிகளில் ஒருத்தி தையல் வேலை செய்த இளம்பெண். கந்தக அமிலத்தைக் குடித்ததால் இரைப்பையின் வாய் சுருங்கி, ஓயாமல் வாந்தி எடுத்தவள். எடை குறைப்பு அறுவை என்ற சொல்லே பிறக்காத காலத்தில், அந்த அறுவையின் ஒரு பின்விளைவு எழுதி வைக்கப்பட்டுவிட்டது!

இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. வாந்தியால் சோர்ந்து வருபவருக்குச் சாதாரணமாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். ஆனால் குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டுமே! அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி நிலைமை மோசமாகலாம். ஆகவே, 'எனக்கு இரைப்பை அறுவை நடந்திருக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டும். அது உயிரைக் காக்கும் வாக்கியம்.

ஆண்டுகளில் வற்றும் தொட்டி

இனி நம் பெண்மணியின் புதிருக்கு வருவோம். அவருக்கு வற்றியது வைட்டமின் பி-12 தொட்டி.

இதன் வரலாறு சுவையானது. 1920-களில் ஒருவகை இரத்தச்சோகை உயிர்க்கொல்லியாக இருந்தது. கல்லீரலை உணவாகக் கொடுத்தால் குணமாகிறது என்று அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி ஆகியோர் கண்டனர். அவர்களுக்கும் விப்பிளுக்கும் 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் சாதாரண இறைச்சி தின்று நலமாக இருப்பவர்கள் எத்தனையோ பேர். நோயாளிகளுக்கு மட்டும் அது ஏன் பயன்படவில்லை? பாஸ்டன் நகரில் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவர் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். அவரே 300 கிராம் மாட்டிறைச்சியைத் தின்றார். ஒரு மணி நேரம் கழித்து அதைத் தம் இரைப்பையிலிருந்து வெளியே எடுத்தார். அதைக் குழாய் வழியாக நோயாளிகளுக்குக் கொடுத்தார். வெறும் இறைச்சியால் குணமாகாதவர்கள் இதனால் தேறினார்கள்! நலமான இரைப்பை ஏதோ ஒரு பொருளைச் சேர்க்கிறது என்று 1929-இல் அவர் அறிவித்தார். அதற்கு 'உள்காரணி' என்று பெயர். உணவில் உள்ள பி-12-ஐ அமிலம் முதலில் விடுவிக்கிறது. உள்காரணி அதைக் கைப்பிடித்துக் குடலின் கடைசிவரை அழைத்துச் செல்கிறது. பி-12 மூலக்கூறின் சிக்கலான அமைப்பை எக்ஸ்-கதிர்களால் 1950-களில் கண்டுபிடித்த டாரதி ஹாட்ஜ்கின் அம்மையாருக்கு 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மூலக்கூறின் நடுவே ஒரே ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது.

அமிலமும் உள்காரணியும் இரைப்பைச் சுவரின் ஒரே வகைச் செல்களில்தான் சுரக்கின்றன. பைபாஸ் அறுவையில் அந்தச் செல்களில் பெரும்பாலானவை உணவின் வழியிலிருந்து விலக்கப்படுகின்றன. ஸ்லீவ் அறுவையில் அவற்றில் பெரும்பகுதி வெட்டி எடுக்கப்படுகிறது. மோட்டார் ஏன் மெதுவாகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

இனிக் கணக்கு. பி-12 இருப்பு 2,500 மைக்ரோகிராம் என்று கொள்வோம். இதில் பெரும்பகுதி கல்லீரலில் உள்ளது. நாள்தோறும் இருப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது. முதல் நாள் 2.5 மைக்ரோகிராம். இருப்பு குறையக் குறைய வெளியேறும் அளவும் குறையும். கதிரியக்கத் தனிமம் சிதைவதும் இதே விதிப்படிதான்! ஆகவே இதற்கும் அரை ஆயுள் உண்டு. 0.693-ஐ 0.001-ஆல் வகுத்தால் 693 நாள்கள். வரவு அறவே நின்றாலும் இருப்பு பாதியாவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

இருப்பு சுமார் 300 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கும்போது நோய்க்குறிகள் தோன்றும் என்று கொள்வோம். 2,500-லிருந்து 300-க்கு இறங்க 2,120 நாள்கள், அதாவது ஆறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இன்னொரு நுட்பம் உண்டு. கல்லீரல் நாள்தோறும் பித்தநீர் வழியாகக் கொஞ்சம் பி-12-ஐக் குடலுக்கு அனுப்பிப் பிறகு திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இப்படித் திரும்பப் பெறவும் உள்காரணி வேண்டும். அது குறைந்தால் கசிவு கூடும். கசிவு ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று ஆகட்டும். காலம் பாதியாகிறது: 1,060 நாள்கள், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். நம் பெண்மணிக்குச் சரியாக மூன்று ஆண்டுகள் ஏன் ஆயிற்று என்பது இப்போது விளங்குகிறதா? சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு இருப்பு தொடக்கத்திலேயே குறைவாக இருக்கும்; ஏனெனில் தாவர உணவில் பி-12 இல்லை, பாலும் தயிரும்தான் கொஞ்சம் தருகின்றன. இருப்பு பாதியாக, 1,250 மைக்ரோகிராமாக இருந்தால் இரண்டே ஆண்டுகள்தான்.

பி-12 குறைந்தால் நரம்புகளின் மேலுறை சிதைகிறது. மின்கம்பியின் மேலுறை உரிந்தது போன்ற நிலை. முதலில் நீண்ட நரம்புகள் பாதிக்கப்படுவதால் பாதத்தில் மரமரப்புத் தொடங்குகிறது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போவதில்லை. பகலில் கண் அந்தக் குறையை ஈடு செய்கிறது, இருட்டில் முடிவதில்லை. அதனால்தான் விளக்கை அணைத்ததும் தடுமாற்றம். உடனே கவனித்தால் தேறலாம். தாமதித்தால் நிலையான ஊனமாகிவிடும். தாய்க்கு இந்தக் குறை இருந்தால், தாய்ப்பாலை மட்டும் குடிக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

இன்னொரு கண்ணி: பி-12 குறைந்தால் இரத்தச்சோகையும் வரும், அது ஒரு எச்சரிக்கை மணி. ஆனால் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் ஒருவர் சாப்பிட்டுவந்தால் இரத்தச்சோகை மறைந்துவிடும். மணி ஒலிக்காது, நரம்பு மட்டும் சத்தமின்றிச் சிதைந்துகொண்டிருக்கும். தாமிரம் குறைந்தாலும் இதே போன்ற நரம்புக் கோளாறு வரும். எனவே அறிகுறியை வைத்து நாமே மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது சரியல்ல.

மருந்து என்ன? உள்காரணி இல்லாமலும் குடலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு பி-12 தானாகவே கசிந்து உள்ளே போகும். 1,000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றில் 10 மைக்ரோகிராம் கிடைக்கும். நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான்! பெரிய கதவு மூடியிருந்தாலும் சாளரத்தின் வழியாகச் சாமானை வீசுவது போன்ற தந்திரம் இது. இல்லையேல் ஊசி மூலம் நேரே செலுத்தலாம்.

இரும்பு: கண்ணுக்குத் தெரியாத அடிமட்டம்

வளர்ந்தவரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு நடுத்தர ஆணியின் எடை. இதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் வேலை செய்துகொண்டிருக்கிறது. சேமிப்பாக இருப்பது ஆண்களுக்கு ஒரு கிராம் வரை. பெண்களுக்கு சுமார் 300 மில்லிகிராம்தான்.

இரும்பு உறிஞ்சப்பட அமிலம் உதவ வேண்டும், இறங்குமிடமோ முன்சிறுகுடல். பைபாஸ் அறுவையில் இரண்டுமே கைவிட்டுப் போகின்றன. நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் பற்றாக்குறை என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 0.5-ஆல் வகுத்தால் 600 நாள்கள். அதுவரை ஹீமோகுளோபின் அளவு ஏறத்தாழ இயல்பாகவே இருக்கும். ஏனெனில் உடல் முதலில் சேமிப்பைத்தான் செலவழிக்கும். சேமிப்பு தீர்ந்த பிறகே இரத்தச்சோகை, களைப்பு, முடி உதிர்தல் எல்லாம். எனவே ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் போதாது. சேமிப்பின் மட்டத்தைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தையும் அளக்க வேண்டும். குழாயில் வரும் நீரைப் பார்ப்பதற்கும் மாடியேறித் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

மாதவிடாய்க் காலத்தில் இரும்பு வெளியேறுவதால் பெண்களே இதில் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும். தேநீர் தடுக்கும். கால்சியம் மாத்திரையும் தடுக்கும். ஆகவே இரண்டு மாத்திரைகளுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

எலும்பு: கடன் வாங்கும் வங்கி

எல்லாவற்றிலும் மெதுவாக வற்றுவது கால்சியம் தொட்டி. எலும்புகளில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியம் உள்ளது. இரத்தத்தில் உள்ளதோ மிகச் சிறிது. ஆனால் அந்தச் சிறு அளவு மாறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆகவே பாராதைராய்டு சுரப்பிகள் கண்ணும் கருத்துமாகக் காவல் காக்கின்றன. இரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் எலும்பிலிருந்து எடுத்து ஈடு செய்துவிடும்.

அறுவைக்குப் பிறகு கால்சியமும், அதை உறிஞ்ச உதவும் வைட்டமின் டி-யும் குறைகின்றன. நாளுக்கு 100 மில்லிகிராம் எலும்பிலிருந்து போகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 36.5 கிராம். பத்தாண்டுகளில் எலும்பின் கால்சியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! அதுவரை இரத்தக் கால்சியம் இயல்பாகவே காட்டும். கடன் வாங்கிக் குடும்பம் நடத்துபவர் வீட்டில் அடுப்பு தினமும் எரிவது போல. கடன் இருக்கிறதா என்று அறிய, பாராதைராய்டு சுரப்பு நீரையும் வைட்டமின் டி-யையும் அளந்து பார்க்க வேண்டும். எலும்பின் அடர்த்தியை எக்ஸ்-கதிர்களால் அளக்கவும் கருவி உண்டு.

மாத்திரையிலும் வகை உண்டு. கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சரக்கு, கரைவதற்கு அமிலம் தேவை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்புக்கல்லின் மீது அமிலத்தை ஊற்றி நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமிலம் குறைந்த வயிற்றில் அது சரியாகக் கரையாது. கால்சியம் சிட்ரேட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் இவர்களுக்குப் பெரும்பாலும் சிட்ரேட்டையே மருத்துவர்கள் விரும்பிக் கொடுக்கிறார்கள்.

குடலை மிகுதியாகச் சுருக்கும் அறுவைகளில் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் நழுவிப் போகும். மாலைக்கண் நோய்கூட வரலாம். புரதம் குறைந்தால் கால் வீங்கும். இவ்வகை அறுவைகளுக்குக் கண்காணிப்பும் அதிகமாக வேண்டும்.

அப்படியானால் அறுவை தவறா?

இல்லை. அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்வீடனில் 1987-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், அவர்களை ஒத்த, அறுவை செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-இல் முடிவு வெளியாயிற்று. அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு கால்வாசி அளவுக்குக் குறைவாக இருந்தது. பலருக்குச் சர்க்கரை நோயும் தணிகிறது. மிகுந்த பருமனால் துன்பப்படுபவருக்கு இது உயிர் காக்கும் சிகிச்சை. அது சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று ஏளனம் செய்வோரின் பேச்சை நம்பாதீர்கள்; அப்படிப் பேசவும் செய்யாதீர்கள்.

ஆனால் இந்த அறுவை ஒரு நாளில் முடிந்துவிடும் காரியமன்று. மோட்டாரின் வேகத்தை நிரந்தரமாகக் குறைத்துவிட்டோம். ஆகவே வாளியால் கொண்டுவந்து ஊற்றும் வேலையும் நிரந்தரமானது. முதல் ஆண்டில் சில முறையும், பிறகு ஆயுள் முழுவதும் ஆண்டுதோறும் ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை வேண்டும். ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், எடை குறைந்து, உடல் நலமாகி, 'இனி மருத்துவரிடம் ஏன் போக வேண்டும்?' என்று தோன்றும் காலமும், தொட்டிகள் அடிமட்டத்தை நோக்கி இறங்கும் காலமும் ஒன்றாக இருக்கின்றன.

உங்கள் வீட்டிலோ உறவிலோ இப்படி அறுவை செய்துகொண்டவர் இருக்கலாம். மருந்து சொல்வது உங்கள் வேலையல்ல. ஆனால் பரிசோதனை நாளை நாள்காட்டியில் குறித்து வைப்பது உங்களால் முடியும். 'அத்தை, இந்த வருஷம் இரத்தம் கொடுத்தீர்களா?' என்று கேட்பது முடியும். பாதம் மரத்திருக்கிறது, வாந்தி நிற்கவில்லை என்று அவர் சொன்னால், 'இன்றே மருத்துவமனைக்குப் போவோம்' என்று வற்புறுத்துவதும் முடியும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. வரைபடத்தாளில் கிடை அச்சில் ஆண்டுகளையும் குத்தச்சில் பி-12 இருப்பையும் குறியுங்கள். 2,500-இல் தொடங்கி, நாளுக்கு ஆயிரத்தில் இரண்டு பங்கு வீதம் குறையும் கோட்டை வரையுங்கள். 300-இல் ஒரு படுக்கைக் கோடு இடுங்கள். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்துக்கு முன்னால் எவ்வளவு நீளமான வளைகோடு இருக்கிறது பாருங்கள். அவ்வளவு காலமும் நம் பெண்மணி, 'எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.